குதிரைப்பாலைக் கொட்டியவள்

முதலில் கண்ணில் பட்டது அந்தப் பாட்டில்தான்... அவன் கண்கள் பிறகுதான்.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் மூன்று நாளாக விடாத மழை. குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பத்துப் பிள்ளைகளை நடக்க வைத்து, கெஞ்சிச் சாப்பிட வைத்து, நர்ஸ் பெர்மெத்துக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பதினோராவது, ஏழு வயது அய்சுலூ. அவள் கட்டிலருகே தொப்பலாய் நனைந்த ஒருவன், குழந்தையின் உதட்டில் குமிஸை, அதுதான் புளித்த குதிரைப்பாலை, சாய்த்துக்கொண்டிருந்தான்!

பாட்டிலைப் பிடுங்கினாள். தொட்டியில் கவிழ்த்தாள்.

"ஏங்க! எங்கம்மா கறந்தது அது... நோயாளிக்கு குமிஸ் குடுக்காதவன்லாம் ஒரு சொந்தமான்னு ஊரே கேக்கும்!"

"காய்ச்சாத பாலுங்க. கிருமியோட மல்லுக்கட்ட இவ உடம்புல தெம்பே இல்ல. காய்ச்சல் வந்தா ஊரா வந்து பாக்கும்?"

அவன் எர்மெக், குழந்தையின் தாய்மாமன். மலை மேய்ச்சலிலிருந்து ஆறு மணி நேரம் பயணம் செய்து வந்தவன். முகம் சுருங்கிப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இமை நுனியில் மழைத்துளி... 'இந்தச் சிடுமூஞ்சிக்கு இவ்வளவு அழகான கண் எதற்கு?' ரசிக்கக்கூட அலுப்பாக இருந்தது அவளுக்கு.

இரண்டு நாள் பேச்சில்லை. வீம்புக்கு வீம்பு. மாமன் முகம் தொங்கினால் மருமகளுக்குச் சாப்பாடு இறங்குமா? அய்சுலூ வாய் திறக்கவில்லை, கட்டிலை விட்டு இறங்கவுமில்லை. இன்னும் அரைக்கிலோ குறைந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்றார் மருத்துவர்.

பெர்மெத் வீம்பை விழுங்கினாள். "நீங்க நடந்தா அவளும் நடப்பா. எனக்காக வேணாம்... அவளுக்காக."

"குதிரை மேலயே வளந்தவங்க நான். நடையெல்லாம் வராது," என்றான். ஆனாலும் எழுந்தான். பூட்ஸைக் கழற்றி, ஆஸ்பத்திரிச் செருப்பில் பாதிக் காலை நுழைத்து, நடைகூடத்தில் தத்தித் தத்திப் போனான்.

"மாமா வாத்து மாதிரி நடக்குறாரு!" சிரித்தபடி பின்னாலேயே வந்தாள் அய்சுலூ. பத்தடி... இருபதடி... திரும்பி வந்ததும் நூடுல்ஸ் சூப் பாதிக் கிண்ணம் காலி.

சனிக்கிழமை எடை பார்த்தார்கள். குறையவில்லை. இருநூறு கிராம் கூடியிருந்தது!  பெர்மெத் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

எர்மெக் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "அன்னைக்கு என் மேலதான் தப்பு... ஆமா, எல்லாரையும் சாப்பிடு, சாப்பிடுன்னு வெரட்டுறீங்களே, நீங்க எப்ப சாப்பிட்டீங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளைக் கேட்காத கேள்வி. கண் நிறைந்துவிட்டது.

"நேத்து மத்தியானம்," என்றாள். "எர்மெக்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. வெக்கப்படத்தான் தெம்பில்ல."

அவன் காது மடல் சிவந்தது.

"எனக்குந்தான்... வாங்க, மொதல்ல சாப்பிடுவோம். அப்புறமா ரெண்டு பேரும் சேந்து வெக்கப்படலாம்."