அளவுகோல் காணாமல் போன புதன்கிழமை

புதன், காலை 10:05.

உடை அறையின் பூட்டைத் திறந்து உள்ளே ஒரு காலை வைத்த தையலக்கா, மறுகாலை வைக்கவில்லை.

"ஐயோ, குச்சியைக் காணோமே!"

அவள் போட்ட சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. மூலையில் இரும்புத் தாங்கி மட்டும் நின்றது. அதன் குவளைக்குள் செருகி நிற்க வேண்டிய அளவுகோல் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி ஒன்றே ஒன்று, அது தையலக்காவின் இடுப்பில்.

குச்சிதானே, போனால் போகிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒன்றரை வருடமாக அந்த அரங்கில் ஓடுகிற இசை நாடகத்தின் உயிரே அதில்தான் இருந்தது. கலங்கரை விளக்கத்தில் வளரும் ஒரு சிறுமியின் கதை அது. அந்த வேஷத்தை நான்கு சிறுமிகள் முறை வைத்து ஆடினார்கள். வளர்ந்துவிட்டால் வேஷம் போச்சு. அதனால் மாதத்தின் முதல் புதன்கிழமை நான்கு பேரையும் வரிசையில் நிறுத்தி அளப்பார்கள். குச்சியின் சிவப்புக் கோட்டைத் தலை தொட்டால் ஒரே ஒரு கடைசிக் காட்சி, ஒரு பூங்கொத்து, போய் வா கண்ணே! முன்பெல்லாம் டேப்பில்தான் அளந்தார்கள். ஒரு அப்பா இழுத்துப் பிடித்தார், ஒரு அம்மா தளர்த்திப் பிடித்தாள் என்று பெற்றோர்களுக்குள் அடிதடி வந்த பிறகு, நாடகக் கம்பெனி முத்திரை குத்தி அனுப்பிய குச்சி அது.

காலை 10:35.

தையலக்காவுக்கு மயக்கம் வர, எதிர்ச் சாரியில் இருந்த மருந்துக்கடைக்கு ஆள் ஓடியது. கடைக்கார அக்கா ரத்த அழுத்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னொரு சமயமாக இருந்தால் அந்த வாசலுக்குள் கால் வைக்க அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். ஏனென்றால் அந்த நாடகத்தை அவள் தொண்ணூற்றொரு தடவை பார்த்திருந்தாள்.

அவளைப் போல ஏழெட்டுப் பேர் உண்டு. தினம் பக்கவாசலில் நிற்பார்கள். இன்றைக்கு எந்தப் பெண், நாளைக்கு எந்தப் பெண் என்பதுதான் அவர்களுக்குப் பேச்சு, மூச்சு எல்லாம். நான்கு சிறுமிகளுக்கும் பட்டப்பெயர் வைத்தவர்களும் அவர்களே: பட்டாசு, அமுக்கு, வக்கீல், எல்லாருக்கும் மூத்தவள் விசில். அக்கா நோட்டுப் போட்டு எழுதுகிறவள். யார் எந்த வரியில் மூச்சு விட்டாள், யார் எந்தப் படியில் தடுக்கினாள், மேடைப் படிக்கட்டுக் கைப்பிடியில் எத்தனை கம்பி (பதினொன்று) என்பது வரைக்கும் அதில் இருந்தது. விசில் இரண்டு மாதமாக மேடையில் இருக்கும் விளக்கு அறை வாசலில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நுழைகிறாள். அந்தத் தலைதாழ்த்தலுக்கு என்ன பொருள் என்று பக்கவாசல் கும்பல் மூன்று வாரம் சண்டை போட்டது. அவர்களில் ஒருவரான பேங்க் மாமா அது துக்கத்தின் பாரம் என்றார். அக்காவும் உருகி உருகி அரைப்பக்கம் எழுதியிருந்தாள்.

எதற்கு இந்தப் பைத்தியம் என்று கேட்டால் அவள் சிரித்து மழுப்புவாள். விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகள் இப்போது கடல் கடந்து வேலையில் இருக்கிறாள். அந்த மகள் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் எப்படி வளர்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கடையில் இருந்தாள். காலையில் போகும்போதும் ராத்திரி வரும்போதும் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். போனது போனதுதான். ஆனாலும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு பெண் குழந்தை பாடுவதைக் கண் கொட்டாமல் பார்க்கும்போது, ஏதோ கொஞ்சம் திரும்பக் கிடைப்பது போல இருந்தது. அதிலும் விசில் என்றால் அவளுக்கு உயிர்.

காலை 10:50.

"அழுத்தம் நூத்தி எழுபது. இவங்களைப் படுக்க வைங்க. யாரும் கேள்வி கேக்காதீங்க" என்றாள் அக்கா.

"கேக்காம எப்படி?" என்றார் அரங்க மேலாளர். நல்ல மனிதர்தான், ஆனால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை அவருக்கு. "குச்சி காணோம்னதும் கம்பெனிலேர்ந்து ரெண்டு மணிக்கு டேப்போட ஆள் வராங்க. ஒரு மணிக்குள்ள குச்சி கிடைக்கலன்னா இவங்க பேரைத்தான் நான் எழுதிக் குடுக்கணும். சாவி இவங்ககிட்டதான் இருக்கு. நேத்துகூட என்ன சொன்னாங்க தெரியுமா? விசில் போயிட்டா இந்த வேலையே எனக்கு வேண்டாம்னாங்க."

"அதைத்தான் நாங்க எல்லாருமே சொல்றோம்" என்றாள் அக்கா.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் தையலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்கு சிறுமிகளும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். "எங்கப்பா போய் நாலு வருஷம் ஆச்சுக்கா. அன்னிக்குக்கூட நான் இப்படி அழல. எழுந்திரிங்க, முதல்ல இந்த அறையை ஒழிப்போம். இந்தத் தாங்கி எதுக்கு வழியில? வெளியில வெச்சிடறேன்."

"எதையும் தொடாதீங்க!" என்று மேலாளர் அதட்டினார். சித்தி கையை இழுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு மூக்கில் வேர்த்தது. கடையில் போலி மருந்துச் சீட்டோடு வருகிறவனைக் கண்டுபிடிக்கிற மூக்கு அது.

"ஒரு மணி வரைக்கும் நான் கொஞ்சம் சுத்திப் பாக்கலாமா சார்?"

"பாருங்க. யார் கண்டுபிடிச்சாலும் எனக்குப் புண்ணியம்."

காலை 11:20.

அறைக்கு ஒரே கதவு. நடைபாதைப் பக்கம் ஒரு காற்று ஜன்னல், நெஞ்சு உயரத்தில். நான்கு விரல் இடைவெளியில் துருப்பிடித்த கம்பிகள். குச்சி மெலிசு, நீளவாக்கில் அந்த வழியாக வெளியே வரும். ஆனால் தாங்கி நிற்பது எட்டத்தில்.

அக்கா கம்பிக்குள் கையை விட்டாள். முழங்கையில் சிக்கியது. மேலாளருடையது மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"வக்கீல், நீ விடு பாக்கலாம்."

"எதுக்கு? நான் திருடலையே? என்ன ஆதாரம்?" என்று கேட்டபடியே வக்கீல் கையை விட்டாள். தோள்வரைக்கும் சுலபமாகப் போனது. ஆனால் தாங்கிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம். பட்டாசுக்கும் அமுக்குக்கும் நான்கு விரற்கடை மிச்சம்.

விசில் சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தப் புழுக்கத்திலும் கம்பளிச் சட்டையைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தாள். அவளை அக்கா கூப்பிடவில்லை.

"காலையில எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஒம்போது" என்றாள் பட்டாசு. "நாலு பேரும். பத்து மணி வரைக்கும் பாட்டுப் பயிற்சி. நடுவுல தண்ணி குடிக்க விடுவாங்க, ஒவ்வொருத்தரா."

பகல் 12:10.

மறுபடி உடை அறை. அக்கா தாங்கியின் குவளைக்குள் விரலை விட்டாள். அடியில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. நெம்பி எடுத்தாள். வட்டமான கறுப்பு ரப்பர், அரை அங்குலக் கனம். ஓரத்தைக் கத்தியால் வெட்டியிருந்தார்கள்.

அவளுக்கு இது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைத்தடியின் நுனியில் மாட்டுகிற ரப்பர். அவள் கடையில் டப்பா டப்பாவாக இருக்கிறது. ரப்பர் மேல் நின்றால் குச்சி அரை அங்குலம் உயரும். சிவப்புக் கோடும் உயரும். கீழே நிற்கிற பிள்ளை அரை அங்குலம் குள்ளமாகிவிடுவாள்.

அப்போதுதான் அந்த அரைப்பக்கம் அவள் ஞாபகத்துக்கு வந்தது. அட முட்டாள் ஜென்மமே என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். துக்கமாவது, பாரமாவது! குனியாவிட்டால் வாசல் நெற்றியில் இடித்திருக்கும், அவ்வளவுதான். பக்கவாசலில் எட்டுப் பேர் மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தார்கள். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

ரப்பரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். இதைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் கடைக்குப் போய்விடலாம். தையலக்கா பழி சுமப்பாள். வெளியே காட்டினால் தையலக்கா தப்புவாள், ஆனால் விசிலின் கணக்கு தெரிந்துபோகும், இரண்டு மணிக்கு டேப் அதை உறுதி செய்யும். எப்படியும் டேப் வரத்தான் போகிறது. ஆனாலும் தன் வாயாலா? இன்னும் ஒரே ஒரு மாதம் அந்தக் குரலைக் கேட்டால் போதும் என்று நெஞ்சு கெஞ்சியது.

பக்கத்து அறையில் தையலக்கா விசும்புவது கேட்டது. அக்கா எழுந்து மேடைக்குப் போனாள். படிக்கட்டுக் கைப்பிடியின் கம்பிகளை எண்ணினாள். நோட்டில் பதினொன்று, இங்கே பன்னிரண்டு.

பகல் 1:00.

மேலாளர், சித்தி, தையலக்கா, நான்கு சிறுமிகள். எல்லாரையும் உடை அறைக்கு வரச் சொல்லியிருந்தாள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து எடுத்து வந்த குச்சி மேஜைமேல் கிடந்தது.

"இங்க ரெண்டு பேர் ரெண்டு காரியம் பண்ணியிருக்காங்க" என்றாள் அக்கா. "ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினதாலதான் தையலக்கா தலையில விழுந்துது. முதல் காரியம் இது." ரப்பரை மேஜையில் வைத்தாள். "ரெண்டு மாசமா குவளைக்குள்ள அடியில இருந்திருக்கு. சித்தி, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீங்க என் கடையில கைத்தடி ரப்பர் ஒண்ணு வாங்கினீங்க."

"அது... அப்பாவுக்கு."

"அப்பாவுக்குன்னுதான் அன்னிக்கும் சொன்னீங்க. தடியோட அளவு கேட்டேன், இருக்கறதுலயே தடிமனாக் குடுங்கன்னீங்க. காலையில உங்க வாயாலயே சொன்னீங்க, அப்பா போய் நாலு வருஷமாச்சுன்னு. இல்லாத மனுஷனுக்கு ஊனுகோல் எதுக்கு?"

சித்தி ரப்பரைக் கையால் மூடினாள்.

"தாங்கியை வெளியில வெக்கத் துடிச்சதும் நீங்கதான். தினமும் பிள்ளைங்களோட இந்த அறைக்குள்ள வர்றவங்க நீங்க. இதைப் போட ஒரு நிமிஷம் போதும்."

"ஆமா, போட்டேன்!" சித்தி உடைந்து போனாள். "எனக்குன்னு யார் இருக்கா? இவ போயிட்டா நான் யாருக்குத் தலை பின்னுவேன்? ரெண்டு மாசம், ரெண்டே மாசம் கூட வெச்சுக்கலாம்னு..."

"அப்ப குச்சியையும் இவங்கதான் எடுத்தாங்களா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். இவங்களா இருந்தா ரப்பரை எடுத்துட்டுப் போயிருப்பாங்க, தடயமே இருந்திருக்காது. குச்சியை எடுத்தவங்களுக்கு ரப்பர் விஷயம் தெரியாது. குச்சிதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சிருக்காங்க. குச்சி இல்லன்னா டேப்புல அளப்பாங்க, அதுதான் அவங்களுக்கு வேணும். பெரியவங்க கை அந்தக் கம்பிக்குள்ள நுழையாது. சின்னவங்க கை எட்டாது. நுழையற அளவுக்கு மெலிஞ்ச கையும் எட்டற அளவுக்கு நீளமும் இங்க ஒருத்திக்குத்தான் இருக்கு."

பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அக்கா மேஜைமேலிருந்த குச்சியை நேராக்கி வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன்."

விசில் முன்னால் வந்தாள். கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். உள்ளே வெள்ளைச் சட்டையின் தோள் முழுக்கத் துரு.

"ஏன்டி செல்லம்? கேட்டிருந்தா நானே..." என்று சித்தி எழுந்தாள்.

"கேட்டேன் சித்தி. தலை இடிக்குது, நான் வளந்துட்டேன்னு எத்தனை தடவை சொன்னேன்? குச்சி சொல்றதுதான் கணக்குன்னீங்க." விசில் அக்கா பக்கம் திரும்பினாள். "அந்த வாசல்ல நிமிந்து நடக்கணும்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் தப்பா ஆடறேன். தப்பா ஆடினாலும் எல்லாரும் கை தட்டறாங்க. பக்கவாசல்ல போனா இந்த அக்கா, அந்த மாமா, எல்லாரும் சிரிச்சுக்கிட்டே, வளந்துடாதே கண்ணு, வளந்துடாதேங்கறாங்க. நான் ராத்திரி காலை மடக்கிக்கிட்டுத் தூங்கறேன், நீட்டினா வளந்துடுவேனோன்னு. எனக்குப் பயமா இருக்கு. நான் வளர்றது ஒருத்தருக்குமே புடிக்கல."

வக்கீல் அவள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அக்காவுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. வளர்ந்துவிடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! கையில் மிட்டாயை வைத்து, கன்னத்தைக் கிள்ளி, ஆசை ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். தொண்ணூற்றொரு தடவை பார்த்த கண்ணுக்கு இந்தப் பயம் தெரியவில்லை.

"என்னை மன்னிச்சுடு கண்ணு" என்றாள்.

மேலாளர் தையலக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். சித்தியின் விஷயத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். சித்தி தலையாட்டிவிட்டு, விசிலின் பின்னலில் அவிழ்ந்திருந்த நாடாவைப் பழக்க தோஷத்தில் முடிச்சுப் போட்டாள். விசில் தடுக்கவில்லை.

பகல் 2:00.

கம்பெனி ஆள் டேப்போடு வந்தார். ஒரு முனையைச் சுவரடியில் சேர்த்துப் பிடிக்க வெளியாள் யாராவது வேண்டும் என்றார். பெற்றோரும் கூடாது, ஊழியரும் கூடாது. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அவள் முழங்காலிட்டு டேப்பின் முனையைத் தரையில் அழுத்திப் பிடித்தாள். விசில் சுவரோடு ஒட்டி நின்றாள். பழக்கத்தில் முட்டி லேசாக மடங்கியிருந்தது, தோள் கூனியிருந்தது. நிமிர்த்தி அளந்தால், விசிலின் அடுத்த முறையான சனிக்கிழமை மூன்று மணிக் காட்சிதான் அவளுக்குக் கடைசியாக இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். அப்படியே விட்டால், யார் கண்டது, சிவப்புக் கோட்டின் அளவுக்குக் கீழேகூட நின்றுவிடலாம்.

விசில் குனிந்து அவளைப் பார்த்தாள்.

அக்கா மடங்கியிருந்த அந்த முட்டியை உள்ளங்கையால் மெதுவாகப் பின்னால் தள்ளினாள்.

"நல்லா நிமிந்து நில்லும்மா" என்றாள். "இன்னும். இன்னும் கொஞ்சம்."