கேப்டன் அறை ஜன்னல்

அந்தப் பெண் அழைப்பு மணியை மூன்று முறை அடித்துவிட்டாள். சர்வேயருக்கு ஒரு முறைகூடக் காதில் விழவில்லை. எல்லாம் கொழுந்தியாள் செய்த புண்ணியம். மனைவி ஒரு வாரம் வெளியூர் போயிருக்கிறாள், அத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து இறங்கியவள், காலையிலிருந்து டிவியில் ஓடிய ஒரு சாகசப் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். அவளோடு உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது சுகம் என்பது சர்வேயர் அனுபவத்தில் கண்ட உண்மை.

நான்காவது மணிக்குத்தான் அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தடித்த நோட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சினிமாவில் கன்டினியூட்டி பார்ப்பது அவள் வேலை. ஒரு ஷாட்டில் கோப்பையில் பாதி தண்ணீர் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் பாதியே இருக்க வேண்டும், வலது கையில் கட்டுப் போட்டிருந்தவன் இடது கையில் கட்டோடு வரக்கூடாது. இதையெல்லாம் ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து எழுதி வைக்க வேண்டும். பதினோரு வருடமாக எழுதுகிறாள். படப்பிடிப்பில் அவளுக்கு நோட்டம்மா என்றே பெயர்.

சர்வேயர் ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் சிக்கல் என்றால் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். தீப்பிடித்த கடை, கவிழ்ந்த லாரி, காணாமல் போன சரக்கு என்று எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, நடந்தது என்ன என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர். குரலை உயர்த்தாமல் பேசுவார். எரிச்சல் வரும்போது குரல் இன்னும் இறங்கும்.

நோட்டம்மா சொன்ன கதை இதுதான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய கடற்கொள்ளைப் படம். அதில் கேப்டன் தன் அறையில் பழைய திசைகாட்டி ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்கும் காட்சி வருகிறது. இயக்குநருக்கு நிஜமான பழம்பொருளே வேண்டுமாம். ஒரு பெரியவரிடம் கெஞ்சி, ஒரே ஒரு நாளுக்கு இரவல் வாங்கினார்கள். கேப்டன் அறை செட்டும் அந்த ஒரு நாளுக்குத்தான். முந்தின நாள் போட்டு, மறுநாள் காலையில் பிரித்துவிட்டார்கள். பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அன்று விடுப்பு. அதனால் படப்பிடிப்பு முடிந்ததும் இவளே திசைகாட்டியைக் கொண்டுபோய்த் தயாரிப்பு மேனேஜரின் அலுவலகத்தில் அவர் கையில் கொடுத்தாள். மணி நான்கு பத்து. நோட்டில் எழுதியும் வைத்தாள்.

நான்கு மாதம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பிய பெரியவர் பொருளைக் கேட்டார். மேனேஜர் கையை விரித்துவிட்டார். என்னிடம் யாரும் எதையும் தரவில்லை, அன்று செட்டில் நின்று என் கண்ணால் பார்த்தேன், அந்தம்மாதான் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பொருள் வராவிட்டால் இவள் பெயரில் போலீஸ் புகார். அதோடு சினிமா தொழிலாளர் சங்க அட்டையும் போய்விடும்.

"நோட்டைக் காட்டலையா?" என்று கேட்டார் சர்வேயர்.

"காட்டினேன் சார். நோட்டே பொய்னு சொல்லிட்டாங்க."

முதல் பிரதியைப் போட்டுப் பார்த்தபோது, கேப்டன் அறையில் மட்டும் அவன் வாள் வலது இடுப்பில் தொங்கியதாம். முன்னால் பின்னால் எல்லாக் காட்சியிலும் இடது இடுப்பு. இவள் நோட்டிலோ அன்றைக்கும் இடது இடுப்பு என்று எழுதியிருக்கிறது. கண்ணெதிரே தொங்கிய வாளையே தப்பாக எழுதியவள் திசைகாட்டியைப் பற்றி எழுதியதை யார் நம்புவார்கள் என்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார். ஷாட்டுக்கு ஷாட் புகைப்படம் எடுத்து வைக்கும் டேப்லெட் கம்பெனிக்குச் சொந்தம். அதை அழித்து அடுத்த படத்துக்குக் கொடுத்தாயிற்று. படத்தைப் பார்க்கவும் இவளை விடவில்லை.

"வாள் இடது இடுப்புலதான் சார் இருந்துச்சு. பெல்ட்டை நானே இழுத்துச் சரி பண்ணேன். ஆனா இருபது பேர் படத்துல வேற மாதிரி பாத்தோம்னு சொல்றப்போ, எனக்கே சந்தேகமா இருக்கு. பதினோரு வருஷத்துல இப்பதான் என்னையே நான் நம்பலை."

சர்வேயர் நோட்டைப் புரட்டினார். எறும்பு வரிசை போன்ற எழுத்து. அந்த நாளின் பக்கத்தில் அறையின் சின்னப் படம் இருந்தது. நடுவில் மேசை, வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் கதவு, கீழே கேமரா, கேமராவை ஒட்டி ஒரு முக்காலி. எத்தனை டேக், எதில் யார் தடுமாறினார் என்பதெல்லாம் கீழே வரிசையாக இருந்தன. டீச்சர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, என் பிள்ளைகள் ஒருத்தராவது இப்படிக் குறிப்பெடுத்திருந்தால் நான் ஏன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பெருமூச்சு விட்டாள். பிறகு, படத்தைப் பார்க்கத் தானும் கூட வருவதாக அறிவித்தாள். சர்வேயர் வேண்டாம் என்றார். அவள் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் இயக்குநரிடம் போனில் கேட்டுக்கொண்டதன்பேரில் மறுநாள் காலை ஸ்டூடியோவின் சிறிய திரையரங்கில் படத்தைப் போட்டார்கள். சர்வேயர் நடுவில், டீச்சர் அவருக்கு வலப்புறம், இரண்டு வரிசை தள்ளி இயக்குநர். இயக்குநர் வந்ததிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிலீசுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது இந்தத் தலைவலி வேறு என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார்.

விளக்கு அணைந்த இரண்டாவது நிமிடம் டீச்சர் ஆரம்பித்தாள். மாலுமி தீக்குச்சி கிழிக்கிறான், அந்தக் காலத்தில் தீக்குச்சி ஏது. மேசை விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு போட்டிருக்கிறார்கள், அது வர இன்னும் அறுபது வருடம் ஆகும். அந்தத் தடியன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம் தெரிகிறது. சர்வேயர் கண்ணை மூடித் திறந்தார். பின்னாலிருந்து இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

மேல்தளத்தில் நின்று கேப்டன் திரையின் இடப்பக்கம் தூரத்தில் வரும் எதிரிக் கப்பலைப் பார்த்தான். அடுத்து அவன் அறை. இடப்பக்கத்து ஜன்னலோரம் நின்று, திசைகாட்டியை உள்ளங்கையில் ஏந்தி, வெளியே பார்த்தான். திசைகாட்டி மட்டும் ஒரு கணம் பெரிதாகத் தெரிந்தது. பிறகு மறுபடி மேல்தளம்.

"அத்தான், இங்க பாருங்க. வாளை வலது இடுப்புல மாட்டியிருக்கான். வலது கைக்காரன் அங்கேர்ந்து எப்படி உருவுவான்? அதுவும் போகட்டும். கோட்டைப் பாருங்க, பொம்பளைங்க சட்டை மாதிரி பொத்தான் இடப்பக்கம் இருக்கு. எந்தத் தையக்காரன் தைச்சான் இதை?"

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உக்காரேன்," என்றார் சர்வேயர், மிக மெதுவாக. பிறகு சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன சொன்னே?"

"நீங்கதானே வாயை மூடச் சொன்னீங்க."

"பொத்தானைப் பத்தி."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டே இன்னொரு முறை சொன்னாள். சர்வேயர் அந்தக் காட்சியையும் அதற்கு அடுத்ததையும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டபோது, நீங்கள் திசைகாட்டியைத் தேட வந்தீர்களா, கோட்டுத் தைக்க வந்தீர்களா என்று இயக்குநர் கேட்டார். எடிட்டர் எங்கே என்று மட்டும் சர்வேயர் விசாரித்தார். பக்கத்து அறையில், காதில் ஹெட்போனோடு, உலகம் இடிந்தாலும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார் என்று பதில் வந்தது. அவரோடு ஏழு நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்தவர், மேனேஜரையும் நோட்டம்மாவையும் வரவழைக்கச் சொன்னார்.

அரை மணி நேரத்தில் எல்லோரும் எடிட்டிங் அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார். நோட்டம்மா கதவோரமாக நின்றாள்.

சர்வேயர் மேனேஜரிடம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். அன்றைக்குச் செட்டில் நின்று பார்த்ததாகச் சொல்கிறீர்களே, அறை எப்படி இருந்தது, யார் எங்கே நின்றார்கள் என்று வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டார். மேனேஜர் சிரித்தார். எத்தனை செட் பார்த்தவன், இது ஒரு பெரிய விஷயமா என்றார். மளமளவென்று கோடு இழுத்தார். நடுவில் மேசை, இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் கதவு. ஜன்னலோரம் கேப்டன். இயக்குநருக்குப் பிடிக்கட்டும் என்றோ என்னவோ, வாளையும் வலது இடுப்பில் வரைந்தார்.

"நீங்க எங்க நின்னீங்க?"

"கேமராவுக்கு இடப்பக்கம், ஜன்னல்கிட்ட. ஷாட் முடிஞ்சதும் இந்தம்மா அங்க வந்தாங்க. எனக்கும் அவங்களுக்கும் ரெண்டடி இருக்கும். பொருளை எடுத்துப் பைக்குள்ள போட்டதைப் பாத்தேன். சத்தியமா பாத்தேன்."

நோட்டம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சர்வேயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டைரக்டர் சார், ஒரு கேள்வி. வாளை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாத்தி மாட்ட எவ்வளவு நேரமாகும்?"

"பத்து செகண்ட். அதைத்தானே சொல்றேன், இந்தப் பொண்ணு கவனிக்கலை."

"கோட்டுப் பொத்தானை வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கம் மாத்த?"

இயக்குநர் புரியாமல் பார்த்தார். கோட்டையே பிரித்துத் தைக்க வேண்டும் என்று டீச்சர் பதில் சொன்னாள்.

"ஆமா. முழுப் படத்துலயும் அவன் போட்டிருக்கறது ஒரே கோட்டு. பொத்தான் வலப்பக்கம். இந்த ஒரு அறைக்குள்ள மட்டும் இடப்பக்கம் போயிடுது. வெளிய வந்ததும் பழையபடி திரும்பிடுது. வாள் தப்பா இருந்தா யாரோ கவனிக்கலைன்னு சொல்லலாம். வாளும் பொத்தானும் சேர்ந்து பக்கம் மாறினா, கண்ணாடிக்குள்ள பாக்கறோம்னு அர்த்தம்." எடிட்டர் பக்கம் திரும்பினார். "அதைத் திருப்பிப் போடுங்க."

எடிட்டர் ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் அறை புரண்டது. ஜன்னல் வலப்பக்கம் போனது, வாள் இடது இடுப்புக்கு வந்தது, பொத்தான்களும் தங்கள் இடத்துக்குத் திரும்பின.

எடிட்டருக்கு மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மேல்தளத்தில் கேப்டன் இடப்பக்கம் பார்க்கிறான், அறைக்குள் வலப்பக்கம் பார்த்தால் எதிரிக் கப்பல் எங்கே இருக்கிறது என்று ரசிகர்கள் குழம்புவார்கள், அதனால் அகலமான ஷாட்டை மட்டும் இடவலமாகப் புரட்டினேன் என்றார். திசைகாட்டி பெரிதாகத் தெரியும் ஷாட்டைத் தொடவில்லை, தொட்டால் அதிலுள்ள எழுத்துகள் இடவலமாக மாறிவிடும். ஒரு படத்தில் இருபது முறை செய்வதுதான், இதற்கெல்லாம் யார் சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். முதல் பிரதி பார்த்து எல்லோரும் கத்திய நாளில் அவர் இசையமைப்பாளர் வீட்டில் இருந்தாராம். பிறகும் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சர்வேயர் நோட்டையும் மேனேஜரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அறை ஒரே நாள் இருந்துச்சு. அன்னிக்கு உள்ள நின்ன எல்லாருக்கும் ஜன்னல் வலப்பக்கம். இடப்பக்கம் ஜன்னல் இருக்கறது இந்தப் படத்துக்குள்ள மட்டும்தான்."

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். நான்கு மாதமாயிற்று, மறதி, இடம் வலம் குழம்பிவிட்டது என்றார்.

"குழம்பினா ஒண்ணு ரெண்டு மாறும். நீங்க ஜன்னல், கதவு, வாள் எல்லாத்தையும் ஒண்ணு விடாம புரட்டி வரைஞ்சிருக்கீங்க. அவ்வளவு ஒழுங்கா யாரும் மறக்க மாட்டாங்க. நீங்க செட்டுக்கே போகலை. முதல் பிரதியைப் பாத்துட்டு அறையை மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. நாலு பத்துக்கு உங்க ஆபீஸ்லதான் இருந்தீங்க. இந்தம்மா அங்கதான் பொருளைக் கொடுத்தாங்க. இப்ப அது எங்க இருக்கு?"

மேனேஜரின் சட்டை மடிப்பு முதன்முறையாகக் கலைந்தது. அன்று போன் வந்தது, எட்டி எடுக்கும்போது முழங்கை பட்டுத் திசைகாட்டி கீழே விழுந்துவிட்டது, கண்ணாடி நொறுங்கி முள்ளும் வளைந்துவிட்டது என்று மெல்லிய குரலில் சொன்னார். பழைய கடிகாரங்கள் சரி செய்யும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் நான்கு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்கிறான். பெரியவர் கேட்டபோது நடுங்கிப்போய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாராம்.

சர்வேயருக்கு வாழ்க்கையே அலுத்தது. இதற்காகவா. ஒரு கண்ணாடித் துண்டு உடைந்துவிட்டது என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் ஒரு பெண்ணை ஜெயில் வாசல்வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறான் மனிதன். முப்பது வருட சர்வீசில் அவர் பார்த்த தீயெல்லாம் இப்படித்தான், எங்கோ ஒரு மூலையில், யாரோ சொல்லாமல் விட்ட சின்ன விஷயத்தில் பற்றியிருக்கும். டீச்சர் மேனேஜரிடம், நாளைக் காலையில் பெரியவர் வீட்டில் போய் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும், இப்போதே அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று வகுப்பில் பேசும் குரலில் சொன்னாள். அவர் போட்டார்.

இயக்குநர் எழுந்தார். ஒரு வழியாக முடிந்தது, எல்லோரும் வேலையைப் பாருங்கள் என்றார். எடிட்டரிடம், ஷாட் புரட்டினபடியே இருக்கட்டும், வாளை எவன் கவனிக்கப் போகிறான் என்றார்.

"கவனிப்பாங்க சார்." கதவோரத்திலிருந்து நோட்டம்மா பேசினாள். "இருபது பேர் கவனிச்சுத்தானே என்னைத் திருடின்னு சொன்னீங்க. தியேட்டர்ல பாக்கறவங்க கடைசியில கன்டினியூட்டின்னு யார் பேரு ஓடுதுன்னு பாப்பாங்க. அது என் பேரு. ஒண்ணு ஷாட்டைத் திருப்புங்க, இல்லேன்னா பேரை எடுத்துடுங்க."

திருப்பினால் மேல்தளத்துக் காட்சியோடு பார்வை இடிக்கும் என்றார் எடிட்டர். மறுபடி எடுக்க வேறு செட்டும் இல்லை என்றார் இயக்குநர். பெயரை எடுத்துவிடுவதே சுலபம் என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

நோட்டம்மா மேசைக்கு வந்து, நோட்டை இழுத்து, பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள்.

"அஞ்சாவது டேக். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இடப்பக்கம் திரும்பிப் பாக்கறார். ஷாட்டைப் புரட்டாமலே பார்வை சேரும். நீங்க வேணாம்னு ஒதுக்கினது."

எடிட்டர் ஏற்கெனவே தேடத் தொடங்கியிருந்தார். திரையில் கேப்டன் வந்தான். வாள் இடது இடுப்பில். திசைகாட்டியிலிருந்து கண்ணை எடுத்து, மெதுவாக இடப்பக்கம் திரும்பினான். மேல்தளத்துக் காட்சியோடு அது ஒட்டி வைத்தாற்போல் சேர்ந்தது. இயக்குநர் அதை இரண்டு முறை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதை ஏம்மா ஒதுக்கினேன்?"

"கடைசியில இருமிடுவார் சார்."

இயக்குநர் திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அதன்மேல் இருந்த அவள் விரலைப் பார்த்தார்.

"இருமிட்டுப் போகட்டுங்க," என்றார். "கப்பல்ல குளிர் இருக்கும்ல. நீங்க உக்காருங்க, அடுத்த சீனையும் சேர்த்துப் பாத்துடலாம்."