வெனிலா டப்பா

டப்பாவுக்குள் இருந்த மண்ணில் கரண்டியால் அள்ளியது போல் ஒரு பள்ளம் இருந்தது.

ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடியே அவள் அதைப் பார்த்தாள். மூடியில் வெனிலா என்று போட்டிருந்தது. வெனிலா தீர்ந்து இரண்டு மாதமாகிறது. அந்த வீட்டில் ஐஸ்கிரீம் டப்பா எதுவும் குப்பைக்குப் போனதில்லை. ஒன்றில் பருப்பு, ஒன்றில் ஊசி நூல், இப்போது இதில் தூண்டில் புழு. கோடை விடுமுறைக்குப் படகுவீட்டில் தங்கி மீன் பிடிக்கப் போகிறோம் என்று முடிவான மறுநாளே, பஸ் ஓட்டும் அவள் கணவன் புழுவை வாங்கிவந்து, தயிருக்கும் தக்காளிக்கும் நடுவில் குடிவைத்துவிட்டான்.

பல் டாக்டரிடம் பதினோரு வருஷமாக உதவியாளராக இருப்பவள் அவள். சீழையும் அழுகிய ஈறுகளையும் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். ஆனால் பால் நிறத்தில், கண்ணும் வாயும் தெரியாமல், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக் கிடந்த அந்தப் புழுக்களைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, புழுவ எடுத்தீங்களா?"

ஹாலில் தூண்டில்களையும் கொசுவலையையும் பரப்பி, பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "நான் எதுக்கு எடுக்கப்போறேன்? குளிர்ல இருக்கற வரைக்கும் தூங்கும், சூடு பட்டா முழிச்சு வளந்துடும், படகுல ஏறுற வரைக்கும் தொடாதீங்கன்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சு சொன்னாரு."

"சாப்பாடு வைக்கிற எடத்துல இந்தக் கருமம் எதுக்கு?"

"மீனை வறுத்துத் தட்டுல வச்சா மட்டும் குமட்டாதாக்கும்!"

சோபாதான் படகு. அதன்மேல் ஆறு வயது மகள் சிட்டு, புது லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாதவள், காலையிலிருந்து பேசவில்லை. மதியம் சோற்றையும் தொடவில்லை. பயண ஆசையில் பசி தெரியவில்லை என்று தாயும் விட்டுவிட்டாள். மூடிய கைக்குள் எதையோ கலகலவென்று குலுக்கிக்கொண்டே இருந்தது குழந்தை.

பாத்திரம் தேய்க்கப் போனபோது தொட்டியில் சிட்டுவின் ரோஸ் கைப்பிடிக் கரண்டி கிடந்தது. அதன் குழியில் ஈரமண் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தாள். மண்ணுக்கு அடியில் சளி போல ஏதோ நீண்டு, விரலில் சுற்றிக்கொண்டு, உதறியும் விழாமல் தொங்கியது. சோப்பைக் கொட்டினாள். மூன்று முறை கழுவினாள். நாற்றம் போகவில்லை. அடைத்துக்கொண்ட சாக்கடையில் மழை பெய்த நாற்றம்.

சட்டென்று புரிந்தது. வெனிலா!

ஹாலுக்கு ஓடிவந்து மகளின் முன்னால் மண்டியிட்டாள். அதே நாற்றம். குழந்தையின் மூக்கிலிருந்து, ஒவ்வொரு மூச்சுக்கும்.

"சிட்டு. அந்த டப்பாவத் திறந்தியாம்மா?"

ஆமென்று தலை ஆடியது.

"தின்னியா?"

உதட்டை விரிக்காமல், கொழகொழவென்று பேசினாள். "ஒரு கரண்டிதாம்மா. ஐஸ்கிரீம்னு நெனச்சேன். துப்பிட்டேன்."

"எல்லாத்தையும் துப்பினியா?"

சிட்டு மூடிய கையை மறுபடி குலுக்கினாள்.

"கைல என்ன?"

மூடிய கை திறந்தது. பால் பற்கள். ஒன்றல்ல. போன வாரம் விழுந்த முன்பல் மட்டுமல்ல. உள்ளங்கை நிறைய. வேரில் ரத்தம்கூட இல்லை.

என் குழந்தை. என் குழந்தை.

"எல்லாம் கொட்டிருச்சும்மா," என்றாள் சிட்டு. "ஆனா வலிக்கல. புதுசு வந்துருச்சு."

"ரெண்டு பெரியவங்க, ஒரு கொழந்த," கணவன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆமாங்க, நாலு நாளுதான்."

பயணப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள்.

"ஆ காட்டு."

சிட்டு பெருமையாக வாயைத் திறந்தாள். மேலும் கீழும் முழு வரிசை. வெள்ளை. பளபளப்பு. ஒரே நாளில் பல் முளைக்காது. அது அவளுக்குத் தெரியும்.

வெளிச்சம் பட்டது.

முன்பல் சுருங்கி ஈறுக்குள் போனது. பிறகு பக்கத்துப் பல். அதற்குப் பக்கத்துப் பல்.