டெவலப்பர் ஊற்றாத பிலிம்

பிலிம் இந்த முறையும் கறுப்பாகவே வந்தது.

சத்யப்ரியா அதைக் குளியலறை பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஓரங்கள் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தன; கழுவும்போது வெளிச்சம் எங்கும் கசிந்து கெடுக்கவில்லை. படங்கள் மட்டும் தார் ஊற்றியதுபோல அடைத்துக் கிடந்தன. படத்தைத் தெரியவைக்கும் மருந்தான டெவலப்பரில் அதிக நேரம் ஊறினால் இப்படி ஆகும். ஆனால் இந்த முறை அவள் பாதி நேரம்தான் ஊறவிட்டிருந்தாள். போன தடவையைவிட இது இன்னும் கறுப்பு.

"தண்ணி சூடா இருக்கும் சத்யா," என்றான் ஜெயபாண்டி, கதவுக்கு வெளியே இருந்து. "திருமங்கலத்து வெயிலுக்கு டேங்க் தண்ணியில சோறே வடிக்கலாம்."

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவளுக்கு டிராக்டர் உதிரிபாகம் விற்கிற புருசன் பாடம் எடுக்கிறான். ஐஸ் போட்டு, தெர்மாமீட்டர் வைத்துத்தான் மருந்தைக் கலக்கினாள் என்பதைக்கூட அவனிடம் சொல்வானேன்? பிலிம் கேமராக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கும் இதே லட்சணத்தில்தான் பதில் வந்தது. அக்கா, பேசாம டிஜிட்டலுக்குப் போயிருங்க. கழுதைகள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்ச சோலியப் பாருங்க," என்றாள்.

கோளாறு மருந்திலா பிலிமிலா என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். கேமராவுக்குள்ளேயே போகாத புதுச் சுருளில் ஒரு துண்டு. டெவலப்பர் கிடையாது, படமாகாததைக் கரைத்துக் கழுவிவிடும் பிக்ஸர் மட்டும். துண்டு வெறுமையாகத்தான் வர வேண்டும். வேறு எப்படியும் வர முடியாது.

வென்டிலேட்டரில் ஒட்டிய கறுப்பு அட்டையை ஒருமுறை அழுத்திவிட்டு, கதவடியில் பழைய துணியைத் திணித்து, விளக்கை அணைத்தாள். எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமலுக்கு அடியில் பைபாஸில் போகும் பஸ்ஸின் ஹாரன் தேய்ந்து மறைந்தது. மருந்தின் புளித்த நெடி மூக்கில் ஏறியது. ஈரத்தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஊறியது. எப்போதும் மல்லுக்கு நிற்கிற பிலிம் இன்று வழுக்கிக்கொண்டு ரீலுக்குள் தானாகவே ஏறியது. கை பழகிவிட்டது. இதற்குப்போய் அந்தக் குழுவில் அம்புட்டுப் பேரும் அழுகிறார்கள்.

ரீலை வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி விளக்கைப் போட்டாள். பிக்ஸரை ஊற்றி ஆட்டினாள். நேரம் முடிந்ததும் திறந்து, துண்டை உருவி, பல்புக்கு நேரே பிடித்தாள்.

வெறுமையாக இல்லை.

ஒரு படம் இருந்தது. இதே குளியலறை. கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறியிருந்தும், குனிந்து உட்கார்ந்திருப்பது தான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அவள் நைட்டி. அவள் வளையல். விளக்கே இல்லாத நேரத்தில் எடுத்த படம். ரீலைப் பிடித்திருந்த கைகளை எண்ணினாள்.

நான்கு.

கூடுதலாக இருந்த இரண்டிலும் வளையல் இல்லை. நகங்கள் இல்லை.

தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள். விளக்கு அணைந்தது. ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றி நின்றது.

நிசப்தம். சொட்டுத் தண்ணீர்.

ஒரு மூச்சு. அவளுடையது அல்ல.

கூப்பிட வாயைத் திறந்தாள். உதடுகளின் மேல் ஈர விரல்கள் பதிந்தன. புளித்த நெடி.

"கரண்ட் போயிருச்சு சத்யா," வெளியே ஜெயபாண்டியின் குரல். "டார்ச் கொண்டாரவா? கதவத் தொற."

"ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டீகளா?" என்றது அவள் குரல். அதே எரிச்சல். அதே ஏளனம். அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்து. "வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு. கடைக்குக் கெளம்புங்க."

"சரி சரி. போயிட்டு வாரேன்."

செருப்புச் சத்தம் வாசலுக்குப் போனது. பைக் கிளம்பியது.

விரல்கள் உதட்டை விட்டு எடுபடவில்லை. இன்னொரு கை இருட்டில் அவள் முகத்தைத் தடவித் தடவி, கண்களைத் தேடியது.