பட்டன் சோதனையில் நடந்த நிச்சயதார்த்தம்

"யாரைக் கேட்டு எனக்கு நிச்சயம் பண்ணி வச்சீக?"

மழைக்கு ஒதுங்கி அக்கம்மாள் டீக்கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தவர் நிச்சயதார்த்தம் என்றால் பழனிசெட்டிபட்டி ஊரே டீயை ஆறவிட்டாவது கேட்கும்.

பக்கத்து ரிப்பேர் கடையில் ராஜபாண்டி பற்றவைப்புக் கோலோடு நிமிர்ந்தான். எதிரே ஒரு பெண். கையில் சொட்டும் குடை. கோபத்தில் அகன்ற கண்கள்... இமை நுனியில் ஒரே ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அது விழுந்தது. கூடவே ராஜபாண்டிக்குள்ளும் ஏதோ ஒன்று பொத்தென்று...

ஆனால் அதைக் காட்டிக்கொள்ள அவன் என்ன சாதாரண ஆளா? விசிட்டிங் கார்டில் 'நிர்வாக இயக்குநர் மற்றும் தலைமைப் பொறியாளர்' என்று போட்டிருக்கிறான். ஒன்பதுக்கு எட்டு கடை. மொத்த ஊழியர்கள், இயக்குநர் உட்பட, ஒருவர்.

"என்ன பிரச்சினைன்னு முறையாச் சொல்லுங்க மேடம்."

அவள் கையடக்க வீடியோ விளையாட்டுப் பெட்டியை மேஜையில் வைத்தாள். நேற்றுப் பட்டன் பழுதென்று ஒரு பொடியன் கொண்டுவந்து கொடுத்து, இன்று மதியம் வாங்கிப் போனது. "பட்டனைச் சரி பண்ணச் சொன்னா, உள்ள பூந்து என் கதையவே மாத்தியிருக்கீக!"

அது ஜப்பான்காரர்கள் செய்த விளையாட்டு. பாதி நேரம் கதையை வாசித்து, யாரிடம் என்ன பதில் சொல்வதென்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி நேரம் வாளெடுத்து அரக்கர்களை வெட்ட வேண்டும். நாயகி வாள் வீராங்கனை. அவளைச் சுற்றி மூன்று ஆண்கள்: மார்பு நிறையப் பதக்கம் குத்திய தளபதி, ஓர் இளவரசன், வாள் தீட்டிக் கொடுக்கும் வாயில்லாப் பூச்சி ஹருதோ. அறுபத்திரண்டு மணி நேரம் விளையாடி, விளக்குத் திருவிழாவில் ஹருதோவின் கையைப் பிடிக்கும் கட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். ராஜபாண்டி பட்டன் வேலை செய்கிறதா என்று நாற்பது தடவை தட்டிப் பார்த்திருக்கிறான். நாற்பதில் ஒரு தட்டு தளபதிக்குச் 'சம்மதம்' சொல்லிவிட்டது. பெட்டி தன் கடமை தவறாமல் அதைப் பதிந்தும் வைத்துக்கொண்டது.

"அந்தப் பதக்கக்காரன் வாயத் தொறந்தா சொந்தப் பெருமைதான். அவனுக்கா என்னைக் கட்டி வைக்கிறது?"

தப்பு தன்னுடையது என்று ராஜபாண்டிக்குத் தெரிந்தது. 'மன்னிச்சிருங்க' என்ற சொல் தொண்டை வரை வந்தது. அங்கே இயக்குநர் பதவி குறுக்கே நின்றது. விரல் மட்டும் தானாக உயர்ந்து சுவரில் தொங்கிய பலகையைக் காட்டியது: 'அழியும் தகவல்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.'

"நிர்வாகம்னா யாரு?"

"நான்தான்."

"பொறுப்பில்லன்னு சொல்றது?"

"அதுவும்... நான்தான்."

டீக்கடையில் யாரோ சிரித்ததில் டீ புரையேறியது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் உத்தமபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாள். பெயர் அனுசுயா. உத்தமபாளையத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பகலெல்லாம் ஊராரின் விவாகரத்து மனுக்களை அடித்துத் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து ஜப்பானில் காதலிப்பவள்.

பெட்டியை மேஜையில் வைத்து ஒரு தாளை நீட்டினாள். 'மேற்படி எதிர்த்தரப்பினர் தமது அலட்சியத்தால் அழித்த அறுபத்திரண்டு மணி நேரத்தைப் பதினைந்து தினங்களுக்குள் பழைய நிலைக்கு மீட்டுத் தரவேண்டியது...' கீழே, 'நகல்கள்: இரண்டு.'

"வக்கீல் சொன்னாகளா?"

"நானே அடிச்சேன். எதையும் ரெண்டு நகல் எடுக்காம நான் விட மாட்டேன்."

ராஜபாண்டி தாளை மடித்தான். "மீட்டுத் தாரேன். சண்டையெல்லாம் பகல்ல நான் முடிச்சிருவேன். ஆனா எங்கன என்ன பதில் சொன்னீகன்னு உங்களுக்குத்தான தெரியும்? சாயங்காலம் வந்து சொல்லணும்."

வந்தாள். அடுத்த நாளும் வந்தாள். ஆறு மணிக்கு அந்தக் குடை தெரிந்துவிடும்... மேகமலைப் பக்கமிருந்து சாரலும் கூடவே வரும். அக்கம்மாள் சொல்லாமலே இரண்டு டீ அனுப்பத் தொடங்கினாள்.

"இங்கன ஹருதோ கையில காயம். 'வலிக்குதா'ன்னு கேக்கலாம். 'கவனமா இருக்கக் கூடாதா'ன்னு திட்டலாம். பேசாமப் போயிரலாம்." ராஜபாண்டி திரையை வாசித்தான்.

"திட்டுனேன்."

"திட்டுனா அவனுக்குப் பிடிக்குமாக்கும்?"

"யாரு திட்டுறாங்கறதப் பொறுத்து."

மறுநாள் ராஜபாண்டியின் சுட்டுவிரலில் சூடு பட்ட கொப்புளம். டீயை நீட்டும்போது அவள் பார்த்துவிட்டாள். "கவனமா இருக்கக் கூடாதா?" என்று சீறினாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. சட்டென்று குனிந்து குடையில் இல்லாத ஈரத்தைத் துடைத்தாள். தலைமைப் பொறியாளர் அன்று மூன்று பெட்டிகளுக்குத் திருகாணியை மாற்றிப் போட்டார்.

பதினோராம் நாள்தான் கணக்கு இடித்தது. திருவிழாவுக்கு முன்னால் ஒரே ஒரு சண்டை பாக்கி, ஒன்பது தலை நாகத்தோடு. அதை வென்றால் மீட்டாயிற்று. மீட்டுவிட்டால் நாளை ஆறு மணிக்கு அந்தக் குடை எதற்கு வரும்?

நாகம் ராஜபாண்டியை வென்றது. பன்னிரண்டாம் நாளும் வென்றது. பதினான்காம் நாள் அக்கம்மாளே வாசலில் வந்து நின்றாள். "ஏலே ராசபாண்டி, இன்னுமா அந்தப் பாம்பு சாகல? எங்க வீட்டுல நேத்து ஒண்ண வெளக்கமாத்தாலயே அடிச்சேன்!"

பதினைந்தாம் நாள். மழை கொட்டியது. திரையில் நாயகி ஏழாவது முறையாக விழுந்தாள். அனுசுயா பெட்டியை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"போன வாரம் ஒத்தக் கையில டீயக் குடிச்சுக்கிட்டே இதவிடப் பெரிய அரக்கன வெட்டுனீக. இந்தப் பாம்புகிட்ட மட்டும் ஏன் தோக்குறீக?"

தப்பிக்க ராஜபாண்டியின் கண் சுவர்ப் பலகைக்குப் போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

"வேணும்னுதான் தோத்தேன்." குரல் இயக்குநருடையதாக இல்லை. "ஜெயிச்சிட்டா நீங்க நாளைக்கு வர மாட்டீகளே... முத நாளே மன்னிப்புக் கேட்டிருக்கணும். எம் மேலதான் தப்பு. மன்னிச்சிருங்க."

அனுசுயா குடையைச் சுவரில் சாய்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து சின்ன மெமரி கார்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதுல என் பழைய கதை அப்படியே இருக்கு. அறுபத்திரண்டு மணி நேரமும்."

"எப்படி...?"

"ரிப்பேருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தேன். நகல் எடுக்காம விட மாட்டேன்னு சொன்னேன்ல? கோவத்துல மறந்துபோச்சு. நோட்டீஸ் அடிக்கும்போது, 'நகல்கள்'னு அடிச்சேன்ல... அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"அப்ப அன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சுமா பஸ்ஸ விட்டு இறங்கி வந்தீக?"

"நோட்டீஸ வீணாக்கக் கூடாதுல்ல?" என்றாள். கண்ணில் சிரிப்பு... அதற்குக் கீழே வெட்கம்...

ராஜபாண்டி அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள்தான் மேஜை மேலிருந்த ரசீதுப் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள். "வாயால சொல்றது எங்க ஆபீசுல செல்லாது. எழுதிக் குடுங்க. நகலோட."

அவன் கார்பன் தாளைச் செருகினான். வாடிக்கையாளர் பெயர்: அனுசுயா. பழுதின் விவரம்: 'எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.' அடியில் அச்சடித்திருந்த 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரியை, கார்பனையும் தாண்டி அடுத்த தாள் வரை பதியும்படி, அழுத்திக் கோடு போட்டு அடித்தான்.

அவள் வாசித்தாள். மேல் தாளைக் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். நீல நகல் கடையிலேயே தங்கியது.

"டெலிவரி தேதி போடலையே?"

"அத எங்க அம்மா உங்க வீட்டுக்கு வந்து போடுவாக."

"வரட்டும்..." குடையை விரித்து வாசலில் நின்றவள் திரும்பினாள். "அதுவரைக்கும் அந்தப் பாம்பு சாகக் கூடாது, ஆமா."

நாகம் இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறது.