ஐந்தரை மணி மஞ்சள்

காலை 8.40. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உணர்கருவி செய்யும் ஒரு தனியார் கம்பெனி. ஆய்வக மேசையில் உள்ளங்கை அளவு எஃகுக் கூடு வாய் பிளந்து கிடந்தது. துளிப் பொடியை நடுவில் வைத்து நசுக்கும் அதன் இரண்டு வைரங்களையும் காணவில்லை.

போலீஸ் வருவதற்குள் திருடியைப் பிடித்தாகிவிட்டது. துப்புரவுப் பணியாளர் அஞ்சம்மாளின் பையைத் தரையில் கொட்டியிருந்தார் ஆய்வகப் பொறுப்பாளர் சந்திரமோகன். சோற்று டப்பா, ரயில் பாஸ், மாத்திரை அட்டை எல்லாம் சிதறிக் கிடந்தன.

"நேத்து ஆறு மணிக்கு மேல உள்ள வந்தது இவ மட்டும்தான். வேலையை விட்டுத் தூக்கியாச்சு. ஸ்டேஷனுக்கு இட்டுனு போங்க மேடம்."

சப்-இன்ஸ்பெக்டர் நந்தினிக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. "அதை நான் முடிவு பண்றேன். நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"அஞ்சரைக்கு. மைக்ராஸ்கோப்புல நானே பார்த்தேன். பொடி மஞ்சளா பளிச்சுனு இருந்துச்சு. நோட்டுல எழுதியிருக்கேன்."

அலமாரி பாட்டிலிலும் அதே மஞ்சள் பொடி. காட்மியம் சல்பைடு என்று ஒட்டியிருந்தது.

9.15. அஞ்சம்மாள் அழவில்லை. கோபத்தில் குரல்தான் உயர்ந்தது.

"பதினோரு வருஷமா ஆரம்பாக்கத்துலேர்ந்து வந்துகினு கீறேன். ஒரு குண்டூசி எடுத்ததில்ல. இன்னா கேக்கணுமோ கேளு மேடம்."

"அந்த வைரத்தைப் பார்த்திருக்கியாம்மா?"

"நேத்து நாலு மணிக்கு மெர்சி மேடம் காட்டுச்சு. உள்ள கரியாட்டம் ஒரு பொட்டு. அவ்ளோதான்."

9.40. ஆராய்ச்சியாளர் மெர்சி கூட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"காற்றழுத்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்கு அழுத்தத்துல வச்சுட்டு நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். அழுத்தத்தைக் கூட்டுற இந்தத் திருகைக் கால் சுற்றுக்கு மேல திருப்ப மாட்டோம். யாரோ தலை மழுங்க முறுக்கியிருக்காங்க."

"சந்திரமோகனா?"

"அவர் இரும்பு ரோலிங் மில்லுலேர்ந்து வந்தவர். மைக்ராஸ்கோப் பக்கமே வர மாட்டார். நோட்டுல கையெழுத்து போடுறதோட சரி."

10.05. எல்லோர் முன்னிலையிலும் நந்தினி கேட்டாள். "மெர்சி, அவ்வளவு அழுத்தத்துல இந்தப் பொடி என்ன நிறம்?"

"கறுப்பு. முப்பதாயிரம் மடங்கைத் தாண்டினா அணுக்கள் இடம் மாறி நெருங்கி உட்காரும். வெளிச்சத்தை விழுங்கிடும். அழுத்தம் போனா மறுபடி மஞ்சளாயிடும்."

நந்தினி சந்திரமோகன் பக்கம் திரும்பினாள்.

"கறுப்புனு பொய் சொல்லியிருந்தா ஒருவேளை தப்பிச்சிருப்பீங்க," என்றாள் நந்தினி. "அஞ்சரைக்கு நீங்க மஞ்சளைப் பார்த்தது நிஜம். ஏன்னா அப்ப அழுத்தமே இல்ல. மில்லுல போல்ட்டு முறுக்குற மாதிரி முறுக்கி வைரத்தை உடைச்சீங்க. பாட்டில்ல இருக்குற நிறம்தானேனு நினைச்சு, அதையே நோட்டுலயும் எழுதிட்டீங்க. அப்புறம் பழியை இந்தம்மா மேல போட்டீங்க."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெளியே எடுத்த கைக்குட்டையின் மடிப்பில் வைரச் சில்லுகள் இருந்தன.

"அஞ்சம்மா, உன் வேலை எங்கயும் போகாது," என்றாள் மெர்சி. "பையை எடுத்துக்கோ."

அஞ்சம்மாள் குனியவில்லை.

"கொட்டினவரு எடுத்து வைக்கட்டும்."

நந்தினி கைகட்டி நின்றாள். சந்திரமோகன் டப்பாவை எடுத்தார், பாஸை எடுத்தார். மாத்திரை அட்டை மேசைக்கு அடியில் கிடந்தது. அதற்கு அவர் முட்டி போட வேண்டியிருந்தது.