ஓட்டைப் பாத்திரத்தில் வசந்தம்

“இந்த வருஷம் ஒரு பூவைக்கூட நான் பார்க்கல, பட்டாசு!” என்று சித்தி போனில் அழுதார்.

பாவம் சித்தி. அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், குழந்தை பிறப்பதற்கு வெகுநாள் முன்பே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவர். அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் தெரியும். இப்போது பாப்பா பிறந்துவிட்டாள். ஈஸ்டர் அன்று இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள்.

“அழாதீங்க சித்தி. ஈஸ்டருக்கு வசந்தத்தையே கொண்டுவந்து மேஜைமேல வைக்கிறேன்” என்றாள் பட்டாசு.

வாய் மூடாமல் படபடவென்று பேசுவதால் வீட்டில் வைத்த பெயர் அது. ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான்.

அம்மாவிடம் கெஞ்சி வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை வாங்கினாள். பூக்கடை அக்கா கொடுத்த செடிகளை நட்டாள். நடுவில் உயரமான மஞ்சள் டாஃபடில் பூக்கள். சுற்றிலும், பூனை மாதிரி முறைத்துப் பார்க்கும் ஊதா பேன்சிப் பூக்கள். மண் தெரியாமல் மேலே பச்சைப் பாசி.

“ஒருநாள் விட்டு ஒருநாள் அரை டம்ளர் தண்ணி போதும்” என்றார் பூக்கடை அக்கா. பட்டாசு அப்படியே செய்தாள்.

ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால் பார்த்தால், டாஃபடில்கள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. இலைகள் பழுத்திருந்தன.

சித்திக்கு என்ன பதில் சொல்வது? பாசியை விரலால் அழுத்தினாள். குபுக்கென்று தண்ணீர் மேலே வந்தது.

‘நான் ஊத்தினது அரை டம்ளர்தானே? இவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்தது?’

யார் ஊற்றுவது என்று கண்டுபிடிக்க, கிண்ணம் இருந்த மேஜைக்கு அடியில் புகுந்து ஒளிந்துகொண்டாள்.

முதலில் வந்தவை அப்பாவின் செருப்புகள். “வாடிட்டீங்களே, செல்லங்களா!” சளசளவென்று ஒரு சத்தம்.

அடுத்து அண்ணனின் வெறுங்கால்கள். “அவ மறந்திருப்பா. வாய் மட்டும்தான் நீளம்.” சளசள.

அப்புறம் அம்மா. “பிள்ளை ஆசையா வச்சது...” சளசள.

கடைசியாகப் பெரிய பூட்ஸ். பஸ் ஓட்டும் சித்தப்பா! கையில் ஒரு ஜக்கு நிறையத் தண்ணீர்.

“உங்களைத்தான் நம்பியிருக்கேன்” என்று பூக்களிடம் பேசினார். “அவ்வளவு பெரிய பஸ்ஸை வளைச்சு ஓட்டுறேன். பாப்பாவைத் தூக்கப் போனா கை நடுங்குது. தொட்டிலைப் பூட்டினேன், நாலு திருகாணி மிஞ்சிப்போச்சு. உங்களுக்குத் தண்ணியாவது ஒழுங்கா ஊத்தணும்.”

‘எல்லாத்தையும் கெடுத்தது நீங்கதானா?’ என்று கத்தத்தான் பட்டாசு வெளியே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மெதுவாகத்தான் சொன்னாள்.

“செடி மூழ்குது, சித்தப்பா. கிண்ணத்துக்கு அடியில ஓட்டை இல்ல. தண்ணி போக வழியே இல்ல.”

“ஐயையோ! என்னாலயா?”

“நீங்க மட்டுமா? வீடே ஊத்துது!”

“தொடாதேன்னு எழுதி ஒட்டிடலாமா?”

பட்டாசு யோசித்தாள். ஒட்டினாலும் ஊற்றுவார்கள். ஊற்றாவிட்டால் சித்தப்பா பாவம், வேறு எங்கே போய் ஊற்றுவார்?

சமையலறைக்கு ஓடினாள். காய் கழுவி வடிய வைக்கும் ஓட்டைப் பாத்திரத்தோடு வந்தாள். உள்ளே பாசியைப் பரப்பி, அதன்மேல் உலர்ந்த மண்ணைப் போட்டாள்.

“செடியைத் தூக்குங்க சித்தப்பா. அடியில ஒரு கை, பின்னால ஒரு கை. வேர் அறுந்துடக் கூடாது.”

சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். ஒவ்வொன்றாக எல்லாச் செடிகளும் இடம் மாறின.

“கை நடுங்கவே இல்லியே!” என்றாள் பட்டாசு.

சித்தப்பா தன் கைகளை அதிசயமாகப் பார்த்துக்கொண்டார்.

“அடியே, நான் காயை எதுல கழுவுறது?” என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தார்.

“பீங்கான் கிண்ணம் காலியாத்தானேம்மா இருக்கு!”

ஈஸ்டர் அன்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது சித்தப்பாதான். பின்னால் மெதுவாக வந்த சித்தி மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார்.

இரண்டு டாஃபடில்கள் பிழைக்கவில்லை. மற்றவை நிமிர்ந்து நின்றன. பேன்சிகள் வழக்கம்போல முறைத்தன.

“வசந்தத்தை ஓட்டைப் பாத்திரத்துல வச்சவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி!” சித்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து பூக்களுக்குள் முகத்தை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

பிறகு அவர் கை மெல்லத் தண்ணீர் ஜக்குப் பக்கம் போனது.

“கொஞ்சமா ஊத்தட்டுமா?”

எல்லோரும் பட்டாசைப் பார்த்தார்கள்.

“தாராளமா ஊத்துங்க சித்தி!” என்றபடி, அவள் பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டைத் தள்ளினாள்.